"மெமரி வாங்குங்கோ" என்று சொன்னது என்னுடைய பிழை



போன எபிசோடில் லப்டொப் வாங்குவது பற்றி நாற்பது நிமிஷம் கதைச்சோம். எடிட் பண்ணும்போது சும்மா ஒரு கணக்கு எடுத்துப் பார்த்தேன். "ராம்" என்ற சொல்லை நாங்கள் இருபத்தேழு தடவை சொல்லியிருக்கிறோம். அது என்ன என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேட்கிற எல்லாருக்கும் தெரியும்தானே என்ற நினைப்பு.

எங்கள் அப்பாவும் அந்த எபிசோடைக் கேட்டவர். வேலைக்குப் போகும்போது மெட்ரோவில் கேட்பார், மகள் கதைக்கிறாள் என்பதற்காக. கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நடந்தது இதுதான். அப்பாவின் லப்டொப் 2016ல் வாங்கியது. பார்க் எக்ஸ்ல இருக்கிற எங்கட வீட்டில் குசினி மேசையின் மூலையில் அது நிரந்தரமாக இருக்கும். பருத்தித்துறையில் இருக்கிற அம்மம்மாவோட ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல், யூரியூப்பில் பழைய பாட்டு, வருஷத்துக்கு ஒருக்கா வரி விஷயம், இவ்வளவுதான் பாவனை. போன கோடையில் அது சரியா ஸ்லோ ஆகிவிட்டது. அப்பா எனக்குப் போன் எடுத்தார். நான் வேலையில் இருந்தேன். "பிள்ளை, கொம்பியூட்டர் இழுத்து இழுத்து வேலை செய்யுது, என்ன செய்ய?" என்றார். நான் ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில், "மெமரி காணாது அப்பா, மெமரி வாங்கிப் போட்டால் சரி" என்றேன். போனை வைத்தேன்.

அவர் கடைக்குப் போய், மெமரி வேணும் என்று கேட்டு, 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். நூற்றுப் பத்து டொலர். கடையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நிறைய மெமரி கேட்டார், நிறைய மெமரி குடுத்தார்கள். அதைச் செருகினார். லப்டொப் முன்பு இருந்தது மாதிரியே இழுத்தது.

எனக்கு அவர் அதைச் சொல்லவே இல்லை. அந்த டிஸ்க்கை அலுமாரியில் வைத்துவிட்டு, லப்டொப்பைத் திறப்பதை விட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து அம்மம்மா எனக்கு வட்சப்பில், "கொப்பருக்கு என்ன சுகமில்லையோ, முகத்தைக் காட்டுறாரே இல்லை" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. நான் போய்க் கேட்டேன். அப்பா சொன்ன பதில்: "எனக்கு உதெல்லாம் விளங்காது பிள்ளை. வயசு போட்டுது."

வயசு போகவில்லை. நான் சொன்ன சொல் பிழை. அவ்வளவுதான்.

ஒரு சொல், இரண்டு பொருள்

அன்றைக்கு இரவு லப்டொப்பைத் திறந்து பார்த்தேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் மெமரி 91 வீதம், டிஸ்க் 100 வீதம். உள்ளே 4 ஜிபி ராம், சுற்றுகிற பழைய வகை ஹார்ட் டிஸ்க். ஆனால் அந்த டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. அதாவது, அப்பாவுக்கு இடம் குறையவே இல்லை. குறைந்தது வேறொன்று.

இங்கேதான் ஆங்கிலச் சொல் எங்களைக் கவிழ்க்கிறது. போன் விற்கிறவர் "128 ஜிபி மெமரி" என்பார். லப்டொப் விற்கிறவர் "8 ஜிபி மெமரி" என்பார். இரண்டும் வேறு வேறு சாமான். முதலாவது படம், பாட்டு, வரிக் கடதாசி எல்லாம் கிடக்கிற இடம். மின்சாரம் போனாலும் அங்கேயே இருக்கும். இரண்டாவது, இப்ப இந்த நிமிஷம் வேலை நடக்கிற இடம். மின்சாரம் போனால் அதில் இருந்தது எல்லாம் போய்விடும்.

பிரெஞ்சில் இந்தக் குழப்பம் குறைவு. ராமுக்கு "மெமுவார் வீவ்" என்பார்கள், உயிருள்ள நினைவு என்று அர்த்தம். உயிர் இருக்கும் மட்டும்தான் அது. தமிழில் ராம் நினைவகம், டிஸ்க் சேமிப்பகம். ஒன்று நினைக்கிற இடம், மற்றது சேமிக்கிற இடம். நான் அன்றைக்குப் போனில் "நினைவகம் காணாது, சேமிப்பகம் நிறைய இருக்கு" என்று சொல்லியிருந்தால், "அதென்ன ரெண்டும் வேறயோ?" என்றாவது அப்பா திருப்பிக் கேட்டிருப்பார். நூற்றுப் பத்து டொலரும் மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளும் மிஞ்சியிருக்கும்.

அப்பாவின் குசினி

விளங்கப்படுத்த முதலில் நான் எடுத்த உதாரணம் மேசையும் அலுமாரியும். எல்லாரும் சொல்லுற உதாரணம். அப்பா ஓபிஸ் மேசையில் வேலை செய்தவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமா டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்டில் குக். நான் அரைவாசி சொல்லும்போதே அவர் கையைக் காட்டி நிப்பாட்டினார்.

"நில்லு. அப்ப ராம் எண்டால் அடுப்புக்குப் பக்கத்தில இருக்கிற கவுன்டர். ஹார்ட் டிஸ்க் எண்டால் கீழ இருக்கிற ஷாம்ப்ர் ஃப்ருவாத்."

ஷாம்ப்ர் ஃப்ருவாத் என்றால் ரெஸ்டோரண்டின் பெரிய குளிர் அறை. அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அவரே கட்டிக்கொண்டு போனார். நான் இடையில் திருத்தினது மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினது இது:

ப்ரொசெசர் என்றால் சமைக்கிற ஆள். கோர் என்றால் எத்தனை குக் நிற்கிறார்கள் என்ற எண்ணிக்கை. கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொருவருடைய கை வேகம். நாலு கோர் என்றால் நாலு பேர். ஆனால் ஒரு சாமானை ஒரு ஆள்தான் செய்யலாம் என்றால், மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். கோர் கூடினால் எல்லாமே வேகமாகும் என்பது ஏன் பிழை என்று இதைவிட நல்லாச் சொல்ல எனக்குத் தெரியாது.

காஷ் என்றால் கைக்கு எட்டுகிற உப்பும் மிளகும். கவுன்டரைவிடச் சின்ன இடம், ஆனால் திரும்பாமலே எடுக்கலாம்.

கிராபிக்ஸ் கார்ட் என்றால் ஃப்ரைஸ் போடுற ஆள். பெரிய யோசனை தேவையில்லை. ஒரே வேலையை நூறு துண்டுக்கு ஒரே நேரத்தில் செய்யவேணும். திரையில் இருக்கிற லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடுவது அப்படியான வேலை. ஏஐ வேலைக்கும் அதே ஆளைத்தான் இப்ப எல்லாரும் தேடுகிறார்கள்.

மதர்போர்ட் என்றால் குசினியேதான். காஸ் பைப், தண்ணீர், கரண்ட் எல்லாம் எதை எதோடு பொருத்துகிறது என்று அதுதான் தீர்மானிக்கும். டிடிஆர்3 ராம் போடுகிற போர்டில் டிடிஆர்4 ராம் ஏறாது. அடுப்புக்குப் பொருந்தாத காஸ் குழாய் மாதிரி.

ஒப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் ஷெஃப். அவர் ஒரு கறியும் வைக்கமாட்டார். எந்த ஓடர் முதலில், யாருக்கு எந்த அடுப்பு, கவுன்டரில் யாருக்கு எவ்வளவு இடம் என்று கூப்பிட்டுச் சொல்லுவார். அவர் இல்லாவிட்டால் பத்து நல்ல குக்கும் ஒருவரை ஒருவர் இடிப்பார்கள். விண்டோஸ், மக்ஓஎஸ், லினக்ஸ் எல்லாம் வேறு வேறு ஷெஃப். உங்கட போனில் அண்ட்ரோய்டும் ஐஓஎஸும் அதே வேலைதான் செய்கின்றன.

சேவ் பண்ணுவது என்றால் கவுன்டரில் இருப்பதை மூடிபோட்டுக் குளிர் அறையில் வைப்பது. வைக்காமல் கடையைப் பூட்டினால் காலையில் குப்பையில் இருக்கும். ரீஸ்டார்ட் என்றால் இரவு கவுன்டரைத் துடைத்து வெறுமையாக்குவது. "ஓஃப் பண்ணி ஓன் பண்ணு" என்று நாங்கள் சொல்லுகிறது பகிடி இல்லை. யாரோ எடுத்து வைத்துவிட்டு மறந்த சட்டி எல்லாம் அப்பதான் கழுவப்படும்.

இப்ப அப்பாவின் லப்டொப்புக்கு வாங்கோ. கவுன்டர் 4 ஜிபி. விண்டோஸ் என்ற ஷெஃப்பே அதில் அரைவாசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ப்ரௌசர் திறந்தாச்சு, வீடியோ கோலும் திறந்தாச்சு, இடம் முடிஞ்சுது. அப்ப ஷெஃப் என்ன செய்வார்? கவுன்டரில் இருக்கிற சிலதைத் தூக்கிக் கீழே குளிர் அறையில் கொண்டுபோய் வைக்கச் சொல்லுவார். திரும்பத் தேவைப்பட்டால் மேலே கொண்டுவரச் சொல்லுவார். இதற்கு பேஜிங் என்று பெயர். அந்தக் குளிர் அறைக்குப் போகிற படிதான் பழைய ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது, ஒரு ஊசி ஓடிப்போய் தேடி எடுக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவது ஒன்றும் இல்லை, குளிர் அறை அதே மாடியில் வந்த மாதிரி.

"அப்ப நான் வாங்கினது இன்னொரு குளிர் அறை. அதுவும் ரோட்டுக்கு அங்கால" என்றார் அப்பா. சிரித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த லப்டொப்பைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒரு எஸ்எஸ்டியும், பாவித்த 8 ஜிபி ராமும் வாங்கி, யூரியூப் பார்த்து நாங்களே மாற்றினோம். அந்த 2 டெராபைட் டிஸ்க் இப்ப குடும்பப் படங்களுக்கு பேக்கப். அதைத் திறந்தபோது அப்பா கேட்டார், "2 எண்டு எழுதியிருக்கு, இதில 1.81 எண்டு காட்டுது. மிச்சத்தை ஆர் எடுத்தது?" ஒருவரும் எடுக்கவில்லை. டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி: "ஏன் சி ட்ரைவ்? ஏயும் பியும் எங்க?" 1981ல் வந்த ஐபிஎம் பிசியில் ஏயும் பியும் ஃப்ளொப்பி டிஸ்க்குக்கான எழுத்துகள். 1983ல் ஹார்ட் டிஸ்க்கோடு அடுத்த மொடல் வந்தபோது மிஞ்சியிருந்தது சி. ஃப்ளொப்பி செத்துப் பல காலம், எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. விளங்காது என்று சொன்ன மனிசன் கேட்கிற கேள்வியா இது?

மொன்றியலில் இருந்துகொண்டு இதைச் சொல்லாவிட்டால் எப்படி

என்னுடைய வாதத்துக்கு இப்ப வாறன். இந்தச் சொற்கள் தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று நாங்கள் நினைப்பது பிழை. அதைவிட, "தமிழில் சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது" என்று நாங்கள் சொல்லுவது சோம்பல்.

நாங்கள் வளர்ந்தது கியூபெக்கில். 1977ல் வந்த 101ஆம் சட்டத்தால்தான் எங்களில் அநேகம் பேர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனோம். கொம்பியூட்டர் வகுப்பில் ஒருவரும் எங்களுக்கு கம்பியூட்டர் என்று சொல்லித் தரவில்லை. "ஓர்டினத்தேர்" என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல் வானத்தில் இருந்து விழவில்லை. 1955ல் ஐபிஎம் பிரான்ஸ் நிறுவனம் தங்களுடைய புது மெஷினுக்கு ஒரு பெயர் தேடியது. சோர்போனில் லத்தீன் படிப்பித்த ஜாக் பெரே என்ற பேராசிரியர் ஒரு கடிதத்தில் அந்தச் சொல்லைத் தந்தார். ஒழுங்கு படுத்துகிறவன் என்ற பழைய அர்த்தத்தில் இருந்து எடுத்தது. மென்பொருளுக்கு "லோஜிசியேல்", வன்பொருளுக்கு "மத்தெரியேல்" என்றும் வந்தன. "கூரியேல்" என்ற மின்னஞ்சல் சொல் இங்கே கியூபெக்கில் வேர் பிடித்தது, பிறகு 2003ல் பிரான்ஸ் அரசே அதை உத்தியோகபூர்வமாக எடுத்தது. ஸ்பாமுக்கு "பூரியேல்". குப்பைத்தொட்டியையும் கூரியேலையும் சேர்த்துச் செய்த சொல். சாட் பண்ணுவதற்கு "கிளவர்தாஜ்" என்று ஒன்று செய்தார்கள், அது என் வகுப்பில் ஒருத்தரின் வாயிலும் வரவில்லை. சில சொல் ஒட்டும், சில ஒட்டாது. ஆனால் செய்து பார்த்தார்கள், இலவசமாக எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு சொற்களஞ்சியத்திலும் போட்டார்கள்.

இதையெல்லாம் நாங்கள் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறோம். "கூரியேல்" என்று சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. "மின்னஞ்சல்" என்றால் மட்டும் சிரிப்பு வருகிறது. ஏன்? யோசித்துப் பாருங்கோ.

தமிழிலும் சும்மா இருக்கவில்லை. 1985லேயே மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைச் செய்யத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவர வேலை செய்தார். 1999ல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2000ல் உத்தமம் என்ற அமைப்பு தொடங்கியது. இதில் பாதி வேலை ஊருக்கு வெளியே இருந்த ஆட்கள் செய்தது. எங்களை மாதிரி.

ஆனால் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ளவேணும். எங்கட சொற்களும் சில நேரம் சண்டை பிடிக்கும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் ஒப்பரேட்டிங் சிஸ்டம் "இயக்க அமைப்பு". இணையத்தில் "இயங்குதளம்". யாழ்ப்பாணத்தில் ஓஎல் படிக்கிற என் மச்சாளின் புத்தகத்தில் "பணிசெயல் முறைமை". கம்பியூட்டருக்கே அங்கே "கணனி" என்று எழுதின காலம் ஒன்று இருந்தது. எல்லாவற்றையும்விட மோசம் "செயலி". பாடப்புத்தகத்தில் அது ப்ரொசெசர். செய்தியில் அது அப். "புதிய செயலி வெளியீடு" என்று தலைப்பைப் பார்த்தால் சிப்பா, வட்சப் மாதிரி ஒன்றா என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

அதனால் நான் தனித்தமிழ்க் கட்சி இல்லை. ராம் என்றே சொல்லுங்கோ, ஹார்ட் டிஸ்க் என்றே சொல்லுங்கோ. பிரச்சினை ஆங்கிலச் சொல்லில் இல்லை, அர்த்தம் இல்லாமல் தூக்கிப் போடுகிற சொல்லில்தான். அர்த்தத்தைக் காட்டுகிற சொல் எந்த மொழியில் இருந்தாலும் எடுங்கோ. ராமுக்கு பிரெஞ்சுச் சொல் நல்லது. சேமிப்பகத்துக்குத் தமிழ்ச் சொல் நல்லது. ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு, என் அனுபவத்தில், ஷெஃப்தான் நல்லது.

"நீயே செய்து குடுத்தால் என்ன?"

இந்த விஷயத்தை எங்கட குழுவில் சொன்னபோது ஒரு நண்பர் சொன்னார்: "எல்லாம் செட் பண்ணிக் குடுத்திட்டு விடு. அவையளுக்கு ஏன் இதெல்லாம்?" இது நியாயமான கேள்வி. நானும் பத்து வருஷமாக அப்படித்தான் செய்தேன். எட்டு வயசில் இருந்து வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பிரெஞ்சுக் கடிதத்தையும் வாசித்து, ஆமோ இல்லையோ என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். கரண்ட் பில், பள்ளிக்கூடக் கடிதம், வீட்டு வாடகைப் பத்திரம். அவசரத்துக்கு அது சரி. ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது: நாங்கள் பக்கத்தில் இல்லாத நேரம் அவர்களிடம் ஒன்றும் இல்லை.

இரண்டு உதாரணம் சொல்லுறன்.

ஒன்று, "உங்கட கொம்பியூட்டரில் வைரஸ் இருக்கு" என்று வருகிற போன். அந்த ஆள் உங்களை ஈவென்ட் வியூவர் என்று ஒன்றைத் திறக்கச் சொல்லுவார். அதில் சிவப்பிலும் மஞ்சளிலும் வரிசையாக பிழைகள் இருக்கும். "பாருங்கோ, எல்லாம் வைரஸ்" என்பார். அது விண்டோஸ் எழுதுகிற நாட்குறிப்பு. நல்லா இருக்கிற கொம்பியூட்டரிலும் அப்படி நிறைய வரி இருக்கும். அப்பாவின் பாஷையில், ஷெஃப் தன்ர கொப்பியில் "இன்டைக்கு வெங்காயம் பிந்தி வந்தது" என்று எழுதி வைத்தது. அதைக் காட்டி குசினியில் நெருப்பு என்றால் நம்புவீர்களா? சொல் தெரிந்த ஆளைப் பயப்படுத்துவது கஷ்டம்.

இரண்டு, 2025 ஒக்ரோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்ட்டின் இலவச ஆதரவு முடிந்தது. எங்கட ஆட்களில் எத்தனை பேர் "கொம்பியூட்டர் முடிஞ்சுதாம்" என்று நினைத்தார்கள் தெரியுமா? முடியவில்லை. அது தொடர்ந்து வேலை செய்யும். பாதுகாப்பு அப்டேட் சும்மா வராது, அவ்வளவுதான். அது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. பூட்டுப் பழுதான கதவை வருஷக்கணக்காக விடமுடியாது. ஆனால் வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்ரோபர் வரை பதிந்து நீட்டலாம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற சின்னப் பெட்டி அது. ப்ரொசெசரும் ஓரளவு புதிதாக இருக்கவேணும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, அதாவது 2017க்குப் பிறகு வந்தது. அப்பாவின் 2016 மெஷின் ஏறாது. பழுது இல்லாத மெஷின், ஷெஃப் மட்டும்தான் வேலைக்கு வரமாட்டேன் என்கிறார். அப்ப வேறு ஷெஃப்பைக் கூப்பிடலாம்தானே? லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டால் ப்ரௌசர், வீடியோ கோல், யூரியூப் மூன்றும் ஓடும். எல்லாருக்கும் அது பொருந்தாது, வரி மென்பொருள் விண்டோஸ் கேட்கலாம். ஆனால் தெரிவு இருக்கு என்று தெரிந்தால்தானே தெரிவு செய்யலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கியூபெக்கில் 2023 ஒக்ரோபரில், வேண்டுமென்றே சீக்கிரம் பழுதாகிற மாதிரிச் செய்து விற்பதற்கு எதிராகச் சட்டம் வந்தது. பழுது பார்க்க உதிரிப்பாகமும் சேவையும் தகவலும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கவேணும், கிடைக்காது என்றால் வாங்குவதற்கு முன்னமே சொல்லவேணும். கடையில் "எத்தனை வருஷத்துக்கு பார்ட்ஸ் கிடைக்கும்? ராம் மாத்தலாமா, சோல்டர் பண்ணியிருக்கா?" என்று கேட்க உரிமை இருக்கு. சோல்டர் என்றால் போர்டோடு ஒட்டிவிட்டது, பிறகு கூட்ட ஏலாது. இந்தக் கேள்வியை அப்பா தானே கேட்கவேணும் என்றால், அவருக்கு ராம் என்றால் என்ன என்று தெரியவேணும். சட்டத்தைப் பாவிக்கவும் சொல் வேணும்.

கடைசியாக ஒன்று. ப்ரின்டர் வேலை செய்யாவிட்டால் "ட்ரைவர் இல்லை" என்று திரையில் வரும். பிரெஞ்சில் "பிலோத்", தமிழில் இயக்கி. அப்பாவுக்கு ட்ரைவர் என்றால் டாக்சிதான். அது என்ன என்று கேட்டார். ஷெஃப் ஒரு பாஷை, புதுசா வந்த அடுப்பு வேறு பாஷை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கிற சின்ன மென்பொருள்தான் ட்ரைவர் என்றேன்.

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீ" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏனென்றால், அந்த ட்ரைவர்தான் போன கோடையில் பிழையாக மொழிபெயர்த்தது.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை

பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு ஆள், ஒரு சொல். அம்மாவோ சித்தியோ மாமாவோ. அவர்கள் என்ன வேலை செய்தவர்கள் என்று முதலில் யோசியுங்கோ. தையல் ஃபெக்டரியா, டாக்சியா, டெப்பனரா, மருத்துவமனைத் துப்புரவா. உதாரணத்தை அங்கே இருந்து எடுங்கோ. அரைவாசியில் நிப்பாட்டி அவர்களைச் சொல்ல விடுங்கோ. பிழையாகச் சொன்னால் திருத்துங்கோ, சிரிக்காதேங்கோ.

எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. டாக்சி ஓடின ஆள் ப்ரொசெசரை எப்படிச் சொல்லுவார் என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆசை. நல்லதுகளை அடுத்த எபிசோடில் வாசிப்போம். இனிமேல் அந்த எபிசோடில் ஒரு சொல் முதல் தடவை வந்தால் அது என்ன என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்தது. சொல்லாவிட்டால் எனக்கு எழுதித் திட்டலாம்.

அப்பாவின் லப்டொப் இப்ப பதினைந்து செக்கனில் திறக்கிறது. போன ஞாயிறு வீடியோ கோலில் படம் ஒருக்கா நின்றுவிட்டது. நான் எழும்ப முதல் அப்பா டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு, "கவுன்டர் வெறுமையாத்தான் இருக்கு. இது இன்டர்நெட்" என்றார். ரௌட்டரைப் போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது சரி.

அடுத்த கிழமை சந்திப்போம்.